சாமியாரின் துப்பாக்கியும் நான்காவது வாஷரும்

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். இரவெல்லாம் பனி. விடிந்தும் விலகவில்லை. மேற்கு மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. கோயில் கிணற்றடியில் வாளியின் விளிம்பைத் தொட்டால் விரல் கூசியது.

பங்குச் சாமியார் வீட்டின் பின்புறம், திராட்சைப் பந்தலுக்குக் கிழக்கே, அறுபத்து மூன்று பேர் நின்றோம். நான் எண்ணினேன். குழந்தைகளைச் சேர்க்கவில்லை. அவர்கள் ஓடிக்கொண்டே இருந்ததால் இரண்டு தடவை எண்ணி இரண்டு தடவையும் வேறு வேறு தொகை வந்தது.

வெள்ளைக்காரரான பங்குச் சாமியார் அருளப்ப சாமி, துப்பாக்கி பிடித்த வலது கையை நீட்டினார். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர். அங்கியின் கைக்குள் மணிக்கட்டு குச்சிபோலத் தெரிந்தது. ஆனால் கை ஆடவில்லை. மூச்சைப் பிடித்துச் சுட்டார்.

'டப்' என்று வர வேண்டும். 'புஸ்' என்று வந்தது. முப்பதடி தூரத்தில் நட்டிருந்த குறி அட்டைக்கு ரவை போய்ச் சேரவில்லை. இருபதடியில் மண்ணில் விழுந்து உருண்டது. ஒரு கோழி ஓடிவந்து அதைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. யாரோ சிரித்தார்கள்.

அங்கே நின்றவர்களில் அது ஏன் அப்படிப் போனது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான்.

ஒரு புளியமரம் குறைகிறது

மேலே போவதற்கு முன் ஒரு விஷயம். சென்ற வாரம் எங்கள் ஊரிலிருந்து கம்பம் போகும் பாதையில் பதினொரு புளியமரங்கள் என்று எழுதியிருந்தேன். பன்னிரண்டு என்று ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். அவர் சொல்வது ஓடைக்கு இந்தப் பக்கம் நின்ற மரம். அது நான் வேலையில் சேர்வதற்கு முந்தின ஐப்பசியிலேயே விழுந்துவிட்டது. வேர் மட்டும் கிடந்தது. வேரை மரத்தில் சேர்க்க முடியாது.

ஆண்டைப் பற்றியும் கேட்காதீர்கள். எனக்கும் என் தங்கைக்கும் அதில் தகராறு இருக்கிறது. இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பு என்று வைத்துக்கொள்ளலாம். தேதியும் கிழமையும் மணியும் மட்டும் எனக்குத் தெரியும். அவை மறந்திருந்தால் நன்றாகத் தூங்குவேன்.

நாற்பது தகரம்

எங்கள் ஊர் கம்பத்துக்கும் காமயகவுண்டன்பட்டிக்கும் நடுவே உள்ள ஒரு வேதக்காரர் ஊர், அதாவது கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் ஊர். கோயிலும் அதை ஒட்டிய பள்ளிக்கூடமும்தான் ஊரின் பெரிய கட்டடங்கள். ஐந்து வகுப்பு, இரண்டு வாத்தியார். மூன்றாவதாகத் தற்காலிகமாக வைத்திருந்த வாத்தியார் நான். எனக்கு இருபத்தைந்து வயது. சம்பளம் பதினாறு ரூபாய்.

ஆறாம் வகுப்பு வந்தால் என் வேலை நிரந்தரமாகும். வகுப்பு வர ஓர் அறை வேண்டும். ஜனவரியில் வரும் இன்ஸ்பெக்டர் கூரையுள்ள அறையைக் கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்துப் போடுவார். சுவர் ஒன்பதடி எழும்பி நின்றது. அதற்குமேல் சாமியாரிடம் காசு இல்லை.

மலைமேல், குமுளிக்கு அந்தப் பக்கம், ஏலக்காய்த் தோட்டத்துத் துரை ஒருவர் இருந்தார். வருடா வருடம் கிறிஸ்துமஸ் கழிந்து கீழே இறங்கி வருவார். அவரும் எங்கள் சாமியாரும் ஆளுக்குப் பத்துக் குண்டு, காற்றுக் கைத்துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடுவார்கள். ஆளுக்கொரு துப்பாக்கி, இருவரும் அவரவர் நாட்டிலிருந்து கொண்டுவந்தது. துரை ஜெயித்தால் சாமியார் தம் பந்தல் திராட்சையில் இறக்கிய ரசம் இரண்டு பாட்டில் கொடுக்க வேண்டும். சாமியார் ஜெயித்தால் அவர் கேட்பதைத் துரை கொடுக்க வேண்டும். முந்தின வருடம் பள்ளிக்கூடத்துக்குச் சுவர்க் கடிகாரம் வந்தது அப்படித்தான். அதற்கு முந்தின வருடம் எட்டு பெஞ்சு.

அந்த வருடம் சாமியார் கேட்டது நாற்பது தகரம். துரையின் பழைய ஏலக்காய்க் கொட்டகையைப் பிரித்து அடுக்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்புக் கூரைக்குச் சரியாக நாற்பது போதும். நானே அளந்து சொன்ன கணக்கு.

சாமியார் தோற்றதே இல்லை. வாலிபத்தில் அவருடைய ஊரில் குறி சுடுவதில் பெயர் எடுத்தவர் என்பார்கள். இங்கே வந்தபின் அவருக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு, சாயங்கால ஜெபத்துக்கு முன்னால் அட்டையில் ஐந்து குண்டு. அதற்கு மேல் ஒரு குண்டு சுட மாட்டார்.

பேப்பர் கணக்கு

டிசம்பர் முதல் வாரம் ஒரு சாயங்காலம் ரவைகள் தாழ்ந்து விழுந்தன. மறுநாள் இன்னும் தாழ்வு. அதற்கு மறுநாள் அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் காய்ச்சல் படாத வீடு கிடையாது. ஆனால் அறுபத்தொரு வயதில் படுத்தால் எழுந்திருப்பது சிரமம். அவர் கட்டிலில் சாய்ந்தபடி துப்பாக்கியை என் கையில் கொடுத்தார்.

"எங்கேயோ காற்று நழுவுகிறது. நீர்தான் பையன்களுக்கு சைக்கிள் பம்பை வைத்துப் பாடம் நடத்துகிறீரே. கண்டுபிடியும்," என்றார். அவருடைய தமிழ் அப்படித்தான், புத்தகத்திலிருந்து எடுத்து வைத்ததுபோல் இருக்கும்.

எனக்குப் பெருமையாக இருந்தது. உபதேசியார் சூசை வாசலில் நின்று பார்த்தார். கோயில் வேலைகளைக் கவனிப்பவர் அவர். ஊர் வாயையும் அவர்தான் கவனித்துக்கொண்டார். "சைக்கிளுக்குக் காத்தடிச்ச கை, இனிமே சாமிக்குக் காத்தடிக்கப் போகுதாக்கும்," என்றார்.

அந்தத் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. மேல் குழலை நெம்பி மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். விசையை அழுத்தினால் ஸ்பிரிங் ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் காற்றை நெருக்கும். அந்தக் காற்று ரவையைத் தள்ளும். சைக்கிள் பம்பேதான். பிஸ்டன் தலையில் கிண்ணம்போல் குழிந்த ஒரு தோல் வாஷர் இருக்கும். கிண்ணத்தின் உதடு குழாய்ச் சுவரைச் சுற்றிலும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மயிரிழை விட்டாலும் காற்று பின்னால் ஓடிவிடும்.

அதன் பலத்தை நான் பேப்பரில் அளந்தேன். பழைய பத்திரிகைத் தாள்களை அடுக்கிப் பலகையில் அடித்து, பத்தடியிலிருந்து சுட்டு, எத்தனை தாள் துளைத்தது என்று எண்ணுவது. முந்தின வருடப் பந்தயத்தன்று இதேபோல் எண்ணி வைத்திருந்தேன். பதினான்கு. இப்போது ஆறு.

குழலும் உடலும் சேரும் இடத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவிச் சுட்டேன். சாம்பல் ஒரு பக்கமாகப் பறந்தது. அங்கேயிருந்த சிறு வளையத் தோல் நைந்திருந்தது. பழைய செருப்பிலிருந்து ஒரு வளையம் வெட்டிப் போட்டேன். சாம்பல் அசையவில்லை. சந்தோஷத்தோடு பேப்பரில் சுட்டேன். எட்டு.

ஆக, கோளாறு உள்ளேதான். பள்ளிக்கூட மேசைமேல் வேட்டியை விரித்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மொத்தம் பத்தொன்பது உறுப்புகள். கடைசியாக வந்த பிஸ்டன் வாஷர் விரல் பட்டதும் காய்ந்த வெற்றிலையாக உதிர்ந்துவிட்டது. மாதிரிக்குக் காட்டக்கூட ஒரு துண்டு மிஞ்சவில்லை. பந்தயத்துக்கு இன்னும் பதினேழு நாள்.

கையிலும் இல்லை, தரையிலும் இல்லை

கீழத்தெருவில் சவரிமுத்து இருந்தார். மாடு பூட்டி இறைக்கும் கமலைக் கிணறுகளில் தண்ணீர் மொள்ளும் சாலுக்குத் தோல் வால் தைப்பவர். சொட்டுத் தண்ணீர் ஒழுகாமல் பத்தடி நீளத் தோலைச் சேர்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பள்ளிக்கூடத்துப் பந்து, கோயில் வண்டி வார், சாமியார் செருப்பு எல்லாம் அவர் கைதான். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். நான் அவரை 'ஏலே' என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

அவரும் வேதக்காரர்தான். நாங்கள் போகும் கோயில்தான் அவர்களுக்கும். ஆனால் அவர்கள் வடபுறச் சிறகில், தனி வாசல் வழியாக வந்து நிற்பார்கள். நற்கருணை அப்பம் வாங்குவதும் எங்களுக்குப் பிறகு. இதைச் சாமியார் பலமுறை பேசிப் பார்த்து, ஒரு தடவை ஊரே மூன்று ஞாயிறு கோயிலுக்கு வராமல் நின்றதும் விட்டுவிட்டார்.

நான் குழாயை அளந்து வாஷரின் குறுக்களவைத் தாளில் வட்டமாக வரைந்து, உதட்டின் உயரத்தை ஓரத்தில் எழுதி எடுத்துப்போனேன். அவர் வீட்டு முற்றத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்தேன். அவர் வந்து எடுத்தார். கீழத்தெருக்காரர்களிடம் எதையும் கைக்குக் கை கொடுப்பதில்லை. கீழே வைப்போம், விலகுவோம், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். அது ஒரு வழக்கம் என்ற நினைவுகூட எனக்கு வந்ததில்லை.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தக் குழாயக் குடுங்கய்யா. ஊறப்போட்ட தோல அதுக்குள்ளயே வச்சு ஒரு ராவு காயவிட்டாத்தான் அதோட வாய் இதுக்கு வரும். தாள்ல வட்டம் போட்டுக் குடுத்தா நான் என்னத்தப் பாக்குறது?"

"அது சாமியார் சாமான்லே. இங்கன கொண்டாரக் கூடாது."

"சாமியாருக்குச் செருப்பு தச்சது நாந்தானய்யா."

"செருப்பு வேற."

"காலும் அவுகளுதுதான," என்றார். கேலியா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

அவர் மனைவி உள்ளேயிருந்து சொன்னாள்: "வாத்தியாரய்யா இஞ்சுக் கணக்கெல்லாம் எழுதிக் கொண்டாந்திருக்காக. தோலுக்குத்தான் வாசிக்கத் தெரியாது."

குழாயைத் தரையில் வைத்துவிட்டு விலக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். எண்ணெய் பூசிய இரும்பு. மண்ணில் வைத்தால் மணல் ஏறும். மணல் ஏறினால் குழாய்ச் சுவர் கீறும். கீறினால் எந்த வாஷரும் நிற்காது. கையில் கொடுத்தாலோ, சூசை உபதேசியார் காதுக்குப் போக அரை மணி நேரம் ஆகாது. தற்காலிக வாத்தியாரின் பெயரை இன்ஸ்பெக்டருக்கு எழுதும் தாளில் ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் கையெழுத்து வேண்டும். மூவரும் எங்கள் தெருக்காரர்கள். ஒரு துணியை விரித்து அதன்மேல் வைத்திருக்கலாம். இவ்வளவு வருடம் கழித்துத்தான் அது தோன்றுகிறது.

"தரையில வச்சா மண்ணு ஏறிரும்லே," என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

முதல் வாஷர் குழாய்க்குள் நுழையவில்லை. இரண்டாவது தளர்ச்சி, ஐந்து தாள். மூன்றாவதற்கு முன் காமயகவுண்டன்பட்டிக்கு நடந்துபோய் ஆசாரியிடம் குழாய் அளவுக்கு ஒரு மர அச்சு கடைந்து வாங்கி வந்து, அதைச் சவரிமுத்துவின் முற்றத்தில் வைத்தேன். மரத்தில் மண் ஒட்டினால் பாதகமில்லை. அதை வைத்துச் செய்தது ஒன்பது தாள். நான்காவதும் அந்த அச்சில்தான். அதைத் தேங்காய் எண்ணெயில் நன்றாக ஊறவைத்து மாட்டி, நல்ல வெயிலில், பிற்பகல் மூன்று மணிக்குச் சுட்டேன். பன்னிரண்டு.

பன்னிரண்டு போதும் என்று நினைத்தேன். கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் இருந்தது.

நாலு நாள்

சாமியார் அன்று காய்ச்சல் இறங்கி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கியை வாங்கி மடக்கிப் பார்த்தார். காதருகே வைத்துக் கேட்டார்.

"சவரிமுத்து குழாயைப் பார்த்தாரா? தோல் வேலைக்காரர் குழாயைப் பார்க்காமல் இது அமையாது. அவருடைய கையில் கொடுத்தீர் அல்லவா?"

"கொடுத்தேன் சாமி."

"எத்தனை நாள் வைத்திருந்தார்?"

"நாலு நாள் சாமி."

அவர் சிரித்தார். அந்த மாதம் முழுக்க அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கொடுத்தேன் என்றதற்காகத்தான் சிரித்தார், துப்பாக்கிக்காக இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. என் வாழ்நாளில் நான் எண்ணாமல் சொன்ன எண் அந்த நாலு ஒன்றுதான்.

உடம்பு தேறட்டும் என்று அவர் பந்தயம் வரைக்கும் ஒரு குண்டும் சுடவில்லை. சுட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அறுபத்தெட்டு

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

துரை முதலில் சுட்டு எழுபத்து நான்கு எடுத்திருந்தார். எங்கள் சாமியாருக்கு அது விளையாட்டு. முந்தின வருடம் எண்பத்தொன்பது எடுத்தவர்.

முதல் குண்டு சைபர். அதைத்தான் கோழி கொத்தியது. இரண்டாவது அட்டையின் கீழ் ஓரத்தில் பட்டது, மூன்று. அடுத்தது ஐந்து. அதற்குள் அவர் துப்பாக்கியைப் புரிந்துகொண்டுவிட்டார். அட்டையைக் குறி பார்ப்பதை விட்டு, அதற்கு மேலே பந்தல் கம்பத்தில் ஓர் ஆணியைக் குறி பார்த்தார். ரவை தாழ்ந்து தாழ்ந்து அட்டையில் விழுந்தது. எட்டு, எட்டு, ஒன்பது, எட்டு, ஒன்பது, ஒன்பது, ஒன்பது. நெற்றியில் அந்தப் பனியிலும் வியர்வை வழிந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் நான்தான் அட்டையருகே நின்று சத்தமாகச் சொன்னேன்.

முதல் மூன்றில் எட்டு. பின் ஏழில் அறுபது. மொத்தம் அறுபத்தெட்டு. ஆறு குறைவு.

துரை நல்ல மனிதர்தான். தொப்பியைக் கழற்றி, அடுத்த வருடம் பார்க்கலாம் என்ற மாதிரி ஏதோ சொன்னார். பந்தயம் பந்தயம்தான். தகரங்கள் அவருடைய குதிரை லாயத்துக்குப் போகும். சாமியார் உள்ளே போய் இரண்டு பாட்டிலை எடுத்துவந்து கொடுத்தார்.

பிறகுதான் அது நடந்தது. கூட்டத்தின் கடைசியில், வேலியோரமாகக் கீழத்தெருக்காரர்கள் நின்ற இடத்தைப் பார்த்துச் சாமியார் கூப்பிட்டார். "சவரிமுத்து, இங்கே வாரும்."

அவர் வந்தார். எப்போதும் நிற்கும் தூரத்தில் நின்றார். சாமியார் அந்தத் தூரத்தைத் தாமே நடந்து கடந்து, துப்பாக்கியை அவர் கையில் வைத்தார். முன்னால் நின்றவர்கள் ஓரடி விலகினார்கள்.

சவரிமுத்துவுக்கு அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. பிடியை விட்டுவிட்டுக் குழலைப் பிடித்தார். ஒரே ஒரு நாள் வைத்திருந்தவன்கூட அப்படிப் பிடிக்க மாட்டான். சாமியார் கண்ணில் அது பட்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நான்கு நாள் இது உம்மிடம் இருந்ததாமே. அப்படியும் காற்று நிற்கவில்லையே, ஏன்?"

கோபமாகக் கேட்கவில்லை. தோற்றவன் காரணம் கேட்பதுபோல் கேட்டார்.

சவரிமுத்து என்னைப் பார்த்தார். ஐந்து எண்ணும் நேரம். நான் எண்ணிக்கொண்டுதான் நின்றேன். கையில் குறி அட்டை இருந்தது. வாயைத் திறந்தால் போதும், அவர் சொல்ல வேண்டியதை நானே சொல்லியிருக்கலாம். அவருடைய மகள் ராக்கினி என் வகுப்பில் ஐந்தாவது படித்தாள். கீழத்தெருவிலிருந்து ஐந்தாவதுக்கு வந்த முதல் பிள்ளை. அந்த ஐந்து நொடியில் அவர் எதை நினைத்திருப்பார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"என் கைத் தப்புதான் சாமி. தோலு சரியா ஊறல," என்றார்.

"செருப்புத் தைக்கிற கையில துப்பாக்கியக் குடுத்தா வேற என்ன ஆகும்?" என்றார் சூசை உபதேசியார். சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. நினைவில்லை.

பதினாறு தாள்

சாமியார் துப்பாக்கியைத் திருப்பி வாங்கவில்லை. எடுத்துப்போய்ச் சரிசெய்து கொண்டுவரச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை சவரிமுத்து அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நான்தான் பேப்பர் அடுக்கி வைத்தேன். பதினாறு. புதிதாக வந்த நாளில்கூட அவ்வளவு துளைத்திருக்காது.

சாமியார் தனியாக நின்று பத்துக் குண்டு சுட்டார். தொண்ணூற்று மூன்று. பார்க்க ஆளில்லை, நானும் சவரிமுத்துவும் தவிர. துரை முந்தின நாள் மத்தியானமே மலை ஏறிவிட்டார்.

"நான்கு நாளில் ஆகாதது ஒரே இரவில் ஆகிவிட்டது," என்றார் சாமியார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. திராட்சைப் பந்தலைப் பார்த்துச் சொன்னார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அவர் போனதும் சவரிமுத்து பழைய வாஷரைப் பந்தல் கல்லின்மேல் வைத்தார். அதன் குழிவில் தேங்காய் எண்ணெய் வெண்ணெய்போல் உறைந்து கிடந்தது. "இதோட உதடு ஒரு நாளும் சொவரத் தொட்டதே இல்லய்யா. எண்ணெதான் எடத்த அடச்சு நின்னுச்சு. வெயில்ல நின்னுச்சு. பனியில உறைஞ்சு விட்டுருச்சு. நாங்க தோலுக்கு வெளக்கெண்ணெதான் போடுவோம். நீங்க கேக்கல."

துப்பாக்கி சுற்றிவந்த துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமைகள்

ஜனவரியில் இன்ஸ்பெக்டர் வந்தார். கூரையில்லாத சுவரைச் சுற்றி நடந்துவிட்டுப் போனார். ஆறாம் வகுப்பு வரவில்லை. ஐந்தாவதில் இருபத்திரண்டு பிள்ளைகள். அந்தக் கோடைக்குப் பிறகு உத்தமபாளையம் வரைக்கும் போய்ப் படித்தவர்கள் ஐந்து பேர். நின்றுவிட்டவர்கள் பதினேழு. பதினேழில் ஒருத்தி ராக்கினி.

துப்பாக்கியைக் கெடுத்து ஊருக்குத் தகரம் இல்லாமல் ஆக்கியவன் என்று சவரிமுத்துவுக்குப் பெயர் நிலைத்தது. அதன்பின் பள்ளிக்கூடத்துப் பந்து கிழிந்தால் கம்பத்துக்கு அனுப்பினார்கள். எடுத்துக்கொண்டு போனவன் நான். அந்தப் பருவத்தில் இரண்டு பந்து.

எங்கள் ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. அந்த வருடம் சாமியார் எங்கள் ஊரில் இருந்தது ஏப்ரல் தொடக்கம் வரை. பதினான்கு சனிக்கிழமைகள். ஒன்றுக்கும் நான் போகவில்லை. தலைவலி என்றேன், தங்கையைப் பார்க்க வடுகபட்டி போகிறேன் என்றேன். ஈஸ்டர் நெருங்கியபோது, பெரிய வியாழனுக்கு முன்னால் பக்கத்துப் பங்குக்கு நடந்துபோய் முழங்காலிட்டு ஒன்பது பாவங்களைச் சொன்னேன். இதை அங்கேயும் சொல்லவில்லை.

காய்ச்சல் திரும்ப வந்து, சாமியாரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். வண்டியில் ஏற்றும்போது என்னிடம் கையை நீட்டினார். பிடித்தேன். சூடாக இருந்தது. ஏதாவது சொல்வார் என்று நின்றேன். நான் ஏதாவது சொல்வேன் என்று அவரும் நினைத்திருக்கலாம். வண்டிக்காரர் மாட்டைத் தட்டினார். மே மாதம் அவர் தவறிய செய்தி வந்தது.

கீழத்தெரு

ஜூனில் எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. கிளம்பும் முன் ஐந்தாவது வாஷருக்குக் கூலி கொடுக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. உண்மையில் அது ஒரு நாளும் மறக்கவில்லை. முதல் நான்குக்கும் அவ்வப்போது ஒன்றரை அணா முற்றத்தில் வைத்திருந்தேன். ஐந்தாவது மட்டும் நின்றுபோயிருந்தது.

சவரிமுத்து முற்றத்தில் கமலை வால் ஒன்றை ஊறப்போட்டு மிதித்துக்கொண்டிருந்தார். ராக்கினி பக்கத்தில் உட்கார்ந்து நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். வகுப்பில் நிற்பதுபோல.

எவ்வளவு என்று கேட்டேன். "ராத்திரி பூரா முழிச்ச வேலய்யா. நாலணா," என்றார். நான் பேரம் பேசவில்லை.

நாலணாவை எடுத்து, கையை நீட்டி, அவர் பக்கம் இரண்டடி நடந்தேன். இதைச் செய்ய வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்திருந்தேன்.

அவர் இரண்டடி பின்னால் போனார்.

"கீழ வைங்கய்யா."

"கையிலயே வாங்கிக்கங்க," என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"எப்பவும் போலக் கீழ வைங்க," என்றார் சவரிமுத்து. கால் தோலை மிதிப்பதை நிறுத்தவில்லை. "காசுக்குள்ள மண்ணு ஏறாது."

வைத்தேன். விலகி வந்தேன். அவர் எடுத்தாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு வாஷர் ஆறணா, மர அச்சு ஐந்தணா, தேங்காய் எண்ணெய் ஓரணா, ஐந்தாவது வாஷர் நாலணா. மொத்தம் பதினாறணா, ஒரு ரூபாய்.